ஈயத்தைப் போட ஓர் இடம்

மனைவி பெற்றிசியாவின் கீழுதட்டைப் பெருவிரலால் இழுத்துப் பிடித்துப் பல்லையும் பல்முரசையும் பார்த்த சுபாஜினி மிசி, ஒன்றும் சொல்லாமல் கையை எடுத்தது யாகப்பருக்குப் பிடிக்கவில்லை. சும்மா இருக்கிற வாயா அது? கர்ப்பிணிகளைப் பார்க்க அந்த மிட்வைஃப் மன்னார்த் தாழ்வுபாட்டுக்கு வந்தால் நாலு வீட்டுக்கு அப்பாலேயே சத்தம் கேட்கும். இன்னாருக்கு இரும்புச்சத்துக் காணாது, இன்னார் குளிசையைக் கோழிக்குப் போடுகிறாள் என்று ஊர்க்கதை முழுக்கச் சொல்லித்தான் படலையைத் திறப்பாள். அப்படிப்பட்டவள் காரணமில்லாமல் வாயை மூடுவாளா?

"அண்ணை, வீட்டில என்ன தொழில் நடக்குது?" என்று கடைசியில் கேட்டாள்.

"கடல்தான் மிசி. பக்கத்தொழிலா வலைக்கு ஈயக்குண்டு வார்க்கிறனான்."

"ஈயம் எங்கால?"

"பழைய பற்றறியள்தான். உடைச்சு, உருக்கி, அச்சில ஊத்துறது."

"எங்க வச்சு உருக்கிறீங்கள்?"

"குசினியிலதான்," என்றார் யாகப்பர், அதில் என்ன கேள்வி என்ற மாதிரி.

நியாயமான பதில்தான். சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் தாழ்வுபாட்டில் வெளியே ஓர் அடுப்பு நின்று எரியுமா? நெருப்பு ஒரு பக்கம் படுக்கும், மணல் வந்து ஈயத்தில் விழும், குண்டு சொரசொரவென்று வலையைக் கிழிக்கும். யாகப்பரின் குண்டு அப்படி இராது. மண்டபம் அகதி முகாமில் இருந்த காலத்தில் பழகிய தொழில் அது. பேசாலை வரைக்கும் அவர் வார்த்த குண்டைக் கேட்டு ஆள் வரும். ஊரில் செத்த பற்றறி எதுவும் குப்பைக்குப் போவதில்லை, யாகப்பர் வீட்டுக்குத்தான் வரும். அதில் மனிதருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. உடைப்பதும் உருக்குவதும் அவர், அச்சில் ஊற்றுவது பெற்றிசியா. கை நடுங்காமல் ஊற்ற அவளை விட்டால் ஆளில்லை என்று கண்டவரிடமெல்லாம் சொல்வார்.

"இஞ்ச பாருங்கோ." மிசி மறுபடியும் உதட்டை இழுத்துக் காட்டினாள். பல்லோடு முரசு சேருகிற இடத்தில் கருநீலமாக ஒரு கோடு, பென்சிலால் கீறியது போல ஓடியது. எட்டு வருடம் அவளோடு குடித்தனம் நடத்துகிற மனிதர் அதை ஒருநாளும் கண்டதில்லை.

"இது ஈயமா இருக்கலாம். இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினாத்தான் சொல்லலாம். ஆனா இண்டைக்கே உருக்கிறதை நிப்பாட்டுங்கோ."

பெற்றிசியா புருசனைப் பார்த்தாள். நாலு மாதம் அவளுக்கு. மூன்றாவது வயிறு இது. முதலாவது மூன்றாம் மாதத்தில் கரைந்து போனது. இரண்டாவது ஐந்து மாதம் வரை நின்று, ஒரு விடியற்காலையில் போனது. பெண்பிள்ளை. சேமக்காலையின் மூலையில், சிலுவை வைக்காத ஒரு சின்ன மேட்டுக்குள் கிடக்கிறது. கண்ணூறு என்றார்கள், கர்ப்பப்பை பலமில்லை என்றார்கள், போன பிறவிப் பாவம் என்றுகூட ஒருத்தி சொன்னாள், கிறிஸ்தவ வேதக்காரியாய் இருந்துகொண்டு. மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்துத்தான் இது தங்கியிருக்கிறது.

இது தங்கிவிட்டது என்று கிளினிக்கில் சொன்ன நாளில் யாகப்பர் பட்ட சந்தோசத்தைச் சொல்லி முடியாது. கலியாணத்துக்கு அவள் கொண்டுவந்த, வறுக்கிற இரும்புத் தாச்சி ஒன்று இருந்தது, நல்ல கனமான அடி. கட்டின வருடமே அதை ஈயம் உருக்க எடுத்துக்கொண்டார். அவள் ஒவ்வொரு தரமும் மா வறுக்கும்போது அந்தத் தாச்சியைச் சொல்லிப் புறுபுறுப்பாள். அந்தச் சந்தோசத்தில் ஈயத்துக்கு வேறொன்று வாங்கிவந்து, அவளுடையதைக் கடற்கரை மணலும் சாம்பலும் போட்டு, தேங்காய்த் தும்பால் இரண்டு பின்னேரம் உரஞ்சி உரஞ்சி மினுங்கப் பண்ணி அவள் கையில் கொடுத்தார். "கலியாணத்தண்டு இருந்த மாதிரி இருக்கோ இல்லையோ?" என்று கேட்டார். அவள் சிரித்தாள். இரண்டாவது பிள்ளை போனபிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

பதினைந்து நாளில் இரத்தப் பரிசோதனையின் முடிவு வந்தது. கிளினிக்கின் உள்ளே போகும் பழக்கம் யாகப்பருக்கு இல்லை. வேப்பமரத்தடியில் மோட்டார் சைக்கிளோடு நிற்பதுதான் அவர் வேலை. மிசி கடதாசியோடு மரத்தடிக்கே வந்தாள்.

"ஈயம் முப்பத்தெட்டு அண்ணை. அஞ்சுக்குக் கீழ இருக்கவேணும்."

"கூடவோ மிசி?" பைத்தியக்காரக் கேள்வி. கணக்குத் தெரியாதவரா அவர்? பயம் வந்தால் வாய் இப்படித்தான் எதையாவது கேட்டு வைக்கும்.

"கூடத்தான். தாயின்ர இரத்தத்தில இருக்கிறது நேரா பிள்ளைக்குப் போகும், இடையில மறிக்க ஒண்டுமில்லை. மூளை வளருற நேரம் இது. பிள்ளை தங்காமலும் போகலாம். ஆனா இனி உள்ளுக்குப் போகாமல் பாத்தமெண்டா இறங்கும். பயப்பிடாதேங்கோ."

பயப்பிடாதேங்கோ! சொல்வது சுலபம். பிள்ளை தங்காமலும் போகலாம் என்ற சொல்லுக்குப் பிறகு அவருக்கு எதுவும் காதில் ஏறவில்லை. ஒரு கேள்வி மட்டும் தொண்டைவரை வந்தது: அப்படியென்றால் முந்தின இரண்டும்? வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார். பெற்றிசியா வந்து பின்னால் ஏறி அவருடைய தோளைப் பிடித்தாள். அந்தக் கை வழமையைவிடப் பாரமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மண்வெட்டியை எடுத்தார். இந்த மன்னார்த் தீவில் பயந்தவன் செய்கிற முதல் வேலை அதுதான். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் இந்தியாவுக்கு வள்ளம் ஏறுமுன் அவருடைய தகப்பன் பித்தளைக் குடத்தையும் காணி உறுதியையும் கலியாணப் போட்டோவையும் வீட்டு வளவுக்குள்ளேதான் புதைத்தார். ஊரே அப்படித்தான் புதைத்தது. வைத்திருந்தால் ஆபத்து, மண்ணுக்குள் போனால் ஆபத்து இல்லை. எட்டு வயதில் கண்ணால் கண்ட பாடம் எலும்புக்குள்ளே போய்விடும்.

வளவு மூலையில் வெட்டத் தொடங்கினார். பற்றறிகள், தகடுகள், சாம்பல், ஈயக்கழிவு, ஈயம் உருக்கிய புதுத் தாச்சி எல்லாவற்றையும் பக்கத்தில் குவித்து வைத்திருந்தார். இடுப்பளவுக்கு இறங்கியபோது காலடியில் ஈரம். இன்னும் ஒரு வெட்டு, தண்ணீர் ஊறி மேலே வந்தது. தெளிந்த நல்ல தண்ணீர். அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர் மெல்ல நிமிர்ந்து கிணற்றைப் பார்த்தார். எட்டடி தூரம் இருக்காது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. உப்புத் தண்ணீருக்கு மேலே ஏடு மாதிரிக் கிடக்கிற கொஞ்ச நல்ல தண்ணீரைத்தான் இந்தத் தீவு முழுக்கக் குடிக்கிறது. பற்றறியை உடைத்து அசிட்டை எங்கே ஊற்றினார்? கிணற்றுக்குப் பின்னால், அந்த வாழை நின்ற இடத்தில். வாழை ஏன் பட்டுப்போனது என்று ஒரு வருடம் யோசித்த மனிதர் அவர்! ஐயோ, யோசித்தாரே, விளங்கினதா? குழியை அவசர அவசரமாக மூடினார். அன்றைக்குத் தேத்தண்ணீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பெற்றிசியாவையும் குடிக்க விடவில்லை. அடுத்த வளவுக்குக் குழாய்த் தண்ணீர் வந்திருந்தது. அங்கே போய்க் குடத்தில் கொண்டுவந்தார்.

மண் இல்லாவிட்டால் கடல். விடியக் கருக்கலில் சாக்குகளை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போனார். நல்ல ஆழத்தில் நிறுத்தி, முதல் சாக்கைத் தூக்கி விளிம்பில் வைத்தார். கையை விட்டால் முடிந்தது. கை விடவில்லை. கீழே நண்டு இருக்கிறது. நண்டு எதையும் விடாது, எல்லாவற்றையும் கிளறித் தின்னும். அந்த நண்டைப் பிடிக்கிறது அவருடைய வலை. அந்த வலையில் கட்டியிருக்கிறது அவர் வார்த்த ஈயம். பிடித்த நண்டில் நல்லதாய்ப் பார்த்து இரண்டு, "வயித்துப் பிள்ளைக்கு நல்லது" என்று ரசம் வைக்க வீட்டுக்குப் போகும். எங்கே கொண்டுபோய் எதைப் போட்டாலும் அது சுற்றிக்கொண்டு பெற்றிசியாவின் வாய்க்கே வரும் போல இருந்தது. நடுக்கடலில், ஒருவரும் இல்லாத இடத்தில், யாகப்பர் வாய்விட்டு அழுதார்.

சாக்குகளோடு திரும்பி வந்தவரைக் கரையில் கண்ட றெனால்ட் விழுந்து விழுந்து சிரித்தான். பக்கத்துவீட்டுக்காரன், வலை கட்டிக்கொண்டு நின்றவன்.

"என்ன யாகப்பரண்ணை, இண்டைக்குக் கடலில பற்றறியோ பட்டிருக்கு? விலை என்னவாம்?"

ஈயக்குண்டொன்றைப் பல்லுக்கிடையில் வைத்துக் கடித்து இறுக்கியபடிதான் அதைக் கேட்டான். இந்தக் கரையில் எல்லோரும் அப்படித்தான் இறுக்குவார்கள். யாகப்பர் பாய்ந்துபோய் அதை அவன் வாயிலிருந்து பிடுங்கி எறிந்தார். றெனால்டுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. மனிசனுக்கு விசர்தான் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பான்.

மிசி வந்து கிழி கிழியென்று கிழித்தாள். "கடலிலயோ? கிணத்தடியிலயோ? அண்ணை, நீங்கள் என்ன மனுசன்! புதைக்கக் கூடாது, எரிக்கக் கூடாது, கடலில போடக் கூடாது. பற்றறியை உடைக்காமல் நிமித்தி வையுங்கோ. சாம்பல், கழிவு, அடுப்படி மண் எல்லாத்தையும் தண்ணி தெளிச்சு, தூசி எழும்பாமல் கூட்டி, ரெண்டு பையில கட்டி, மூடியுள்ள பிளாஸ்டிக் பீப்பாவில போட்டு, மேல எழுதி ஒட்டுங்கோ. மாசக் கடைசிச் சனிக்கிழமை ரவுணில நஞ்சுக் குப்பை எடுக்கினம், கொண்டுபோய்க் குடுங்கோ. உருக்கின சாமான் ஒண்டும் குசினிக்குள்ள இருக்கப்படாது, விளங்குதோ?"

"தாச்சியையும் அந்தச் சாக்கில போட்டிட்டன் மிசி."

பொய் சொல்லவில்லை மனிதர். புதுத் தாச்சியைப் போட்டது உண்மைதான்.

பெற்றிசியாவைப் பகலில் றெனால்ட் வீட்டில் இருக்க வைத்துவிட்டு, ஒரு கிழமை கடலுக்குப் போகாமல் குசினியைத் துப்புரவாக்கினார். மூக்கையும் வாயையும் சாரத்தால் கட்டிக்கொண்டு, நிலத்தை ஈரத்துணியால் துடைத்தார், மறுநாளும் துடைத்தார். சுவரைக் கழுவினார். அடுப்படி மண்ணை ஒரு சாண் ஆழத்துக்குச் சுரண்டி எடுத்தார். மிசி சொன்னபடி பீப்பாவில் பெரிய எழுத்தில் "ஈயம். நஞ்சு. திறக்க வேண்டாம்" என்று எழுதினார்.

அந்தச் சனிக்கிழமை மன்னார் ரவுணில், ஒரு மண்டபத்தின் முற்றத்தில், கையுறை போட்ட இரண்டு பேர் சாமான்களை வாங்கி வேறு வேறாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். உடைந்த ரியூப் லைற்றுகள், பெயின்ற் வாளிகள், பூச்சிமருந்துப் போத்தல்கள். யாகப்பருக்கு முன்னால் நின்றவர் வெளிநாட்டுக்காரர் வந்து தங்குகிற விடுதி ஒன்றின் மனேச்சர். அவருடைய கூடைக்குள் வெள்ளை வெள்ளையாய் வட்டச் சாமான்கள் கிடந்தன. அதில் ஒன்று நிமிடத்துக்கு ஒருதரம் "கீக்" என்று கத்தியது.

"என்ன தம்பி அது, குஞ்சு மாதிரி?"

"புகை அலாரம் அண்ணை. கூரையில பூட்டுறது, புகை வந்தா ஊரைக் கூட்டும். பத்து வருசம்தான் வேலை செய்யும். இது பழசு. உள்ளுக்குக் கதிர்வீச்சுச் சாமான் துளியளவு இருக்காம், உடைக்கவும் கூடாது, குப்பையில போடவும் கூடாது. அதுதான் பற்றறியைக் கழட்டிக் குடுக்கச் சொல்லினம். இந்த ஒண்டில கழருதில்லை."

யாகப்பர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். எவ்வளவு புகை அவருடைய குசினிக்குள் எழும்பியிருக்கும்? எட்டு வருடம், கிழமைக்கு இரண்டு நாள், மஞ்சளாயும் வெள்ளையாயும். அதற்குக் கீழே குனிந்து நின்று பெற்றிசியா ஊற்றினாள். கத்துவதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை. கத்தியிருந்தால்கூடப் புத்தி கெட்டவர் கழற்றி எறிந்திருப்பார். பீப்பாவையும் பற்றறிகளையும் கொடுத்து, ரசீதுத் துண்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அன்றைக்குத்தான் கொஞ்சம் நித்திரை வந்தது.

பெற்றிசியாவுக்கு வயிறு நன்றாகத் தெரியத் தொடங்கியது. பிள்ளை அசைந்தது. ஆறு மாதம் முடிகிறபோது இரண்டாம் தரம் இரத்தம் எடுத்தார்கள்.

இந்தத் தரமும் மிசி மரத்தடிக்கு வந்தாள். வருகிற நடையிலேயே யாகப்பருக்கு விளங்கிவிட்டது.

"நாப்பத்தாறு அண்ணை."

"இறங்கும் எண்டீங்கள்!"

"இறங்கியிருக்கவேணும். கூடியிருக்கு. அப்ப இன்னும் எங்கயோ இருந்து போகுது. மூச்சால இல்லை, வாயாலதான். நல்லா யோசிச்சுப் பாருங்கோ, அவ என்ன தின்னுறா, எதில தின்னுறா?"

யோசிப்பதற்குத் தலையில் இடம் இருந்தால்தானே? அன்று தொடங்கி மனிதர் வீட்டுக்குள் கள்ளனைத் தேடுகிறவர் மாதிரித் திரிந்தார். உப்புப் போத்தலை மாற்றினார். அரிசியைக் கோழிக்கும் போடப் பயந்து பையில் கட்டி வைத்தார். அவளுடைய தலையணை உறை, சீப்பு, செபமாலைகூடக் கழுவப்பட்டது. அவள் எதையாவது வாயில் வைத்தால் பக்கத்தில் வந்து நின்று பார்ப்பார். "என்னப்பா, விழுங்கவும் விடமாட்டீங்களோ?" என்று அவள் சினப்பாள். ஆனால் அவளும் பயந்துதான் இருந்தாள். இராத்திரி ஒவ்வொரு தரமும் விழித்து, வயிற்றில் கையை வைத்து, அசைகிறதா என்று காத்திருப்பதை அவர் அறிவார். அவரும் கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பவர்தானே.

மூன்றாம் நாள் பின்னேரம் நாலு மணியிருக்கும். காயவைத்த வலையை உதறிக்கொண்டு நின்றவருக்கு வறுத்த மா மணந்தது. கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற சத்துமா. பச்சையாய்த் தின்ன அவளுக்கு ஓங்காளம் வரும், அதனால் ஒவ்வொரு நாளும் வறுத்து, தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருட்டித் தின்பாள். பிள்ளைக்கு நல்லது என்று ஒருநாளும் தவறவிடமாட்டாள். நல்ல வாசம். சிரித்துக்கொண்டேதான் குசினிக்குள் எட்டிப் பார்த்தார்.

அடுப்பில் தாச்சி இருந்தது. கலியாணத் தாச்சி. மினுங்கியது. அவள் அகப்பையால் அடியைச் சுரண்டிச் சுரண்டி மாவைப் பிரட்டிக்கொண்டிருந்தாள்.

யாகப்பர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். எட்டு வருடம் அதற்குள் ஈயம் கொதித்தது. இரண்டு பின்னேரம் மணலால் தேய்த்ததும் சுத்தம் என்று நினைத்துவிட்டார். மினுங்கியதைக் கண்டு நம்பிவிட்டார். பீப்பாவில் புதுத் தாச்சியைப் போட்டபோது இதன் நினைப்பே வரவில்லை. இது ஈயத்தாச்சி இல்லையே, இது அவளுடைய தாச்சி அல்லவா? அவர் சந்தோசத்தில் கொடுத்த பரிசு அல்லவா?

"வாயில வைக்காதே," என்றார். முதலில் வறுத்து இறக்கியதில் ஓர் உருண்டையைப் பிடித்து அவள் மற்றக் கையால் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோயிருந்தாள். பாய்ந்து கையைத் தட்டினார். உருண்டை நிலத்தில் விழுந்து சிதறியது.

"என்னப்பா உங்களுக்கு! சாப்பாட்டை…"

"தாச்சி, பெற்றிசியா. தாச்சிதான்."

அவள் தாச்சியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். விளங்க ஒரு கணம் எடுத்தது. விளங்கியதும் அகப்பையை மெல்லக் கீழே வைத்தாள்.

"நீங்கள் உரஞ்சித் தந்தது."

"நான்தான் தந்தனான். நான்தான்." யாகப்பர் நிலத்தில் இருந்துவிட்டார். "இரும்புக்குள்ள ஊறியிருக்கும். எனக்கு விளங்கேல்லை. மினுங்கினது எண்டு… மாதாவே, என்ர கையாலயே தந்தனான்."

அவள் அடுப்பை அணைத்தாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள், நாக்கைத் துடைத்தாள், மறுபடி துடைத்தாள். குழாய்த் தண்ணீரில் வாய் கொப்பளித்து வெளியே துப்பினாள். பிறகு வந்து, வயிற்றைத் தாங்கிக்கொண்டு, அவருக்கு முன்னால் கதிரையில் இருந்தாள். அழுவாள், ஏசுவாள் என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கேட்டது வேறு.

"அப்ப மற்றது ரெண்டும்?"

யாகப்பர் நிலத்தில் சிதறிய மாவை விரலால் ஒதுக்கினார்.

"அதுவும் இதாலயோ? நான் ஊத்திக்கொண்டுதானே இருந்தனான், ரெண்டு வயிறோடயும். மிசி என்ன சொன்னவ?"

"நான் கேக்கேல்லை."

"இவ்வளவு நாளாயும்?"

"கேக்க வாய் வந்தது. கேக்கேல்லை."

"ஏன்?"

"பயம், பெற்றிசியா. ஓம் எண்டு சொல்லிப்போட்டா எண்டு பயம்."

வெளியே சோளகம் கூரைத் தகரத்தை அடித்தது. சிதறிய மாவுக்கு ஒரு கோழி வாசலுக்கு வந்தது. பெற்றிசியா அதைச் சூ என்று துரத்திவிட்டு எழும்பினாள். ஈரத்துணியால் மாவை வழித்து எடுத்தாள். சூடு தணிந்த தாச்சியை அந்த மாவோடு சேர்த்து ஒரு பைக்குள் வைத்துக் கட்டினாள். பிறகு இன்னொரு பைக்குள் வைத்து, இரண்டு முடிச்சுப் போட்டாள். கலியாணத்துக்கு அவளுடைய தாய் வாங்கிக் கொடுத்த தாச்சி அது. அதைக் கட்டும்போதுதான் அவளுக்குக் கண் கலங்கியது.

"நாளைக்குக் கிளினிக்குக்கு நீங்கள் உள்ளுக்க வாறியள். மரத்தடியில நிக்கிற கதை இல்லை," என்றாள். "தாச்சியைச் சொல்லவேணும். மற்ற ரெண்டு பிள்ளையளையும் கேக்கவேணும். நீங்கதான் கேக்கவேணும், நான் பக்கத்தில இருப்பன்."

"ஓம்."

"இதுக்குள்ள இருக்கிற பிள்ளையையும் கேக்கவேணும்." அந்த இடத்தில் மட்டும் அவள் குரல் உடைந்தது.

"ஓம். கேக்கிறன்."

அவர் பையை வாங்கிக்கொண்டு எழும்பினார். மாதக் கடைசிச் சனிக்கிழமைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அதுவரைக்கும் எங்கே வைப்பது என்று தெரியாமல் முற்றத்தில் நின்றார். அவருடைய கண் தன்பாட்டில் வளவு மூலைக்கு, மண்வெட்டி சாத்தியிருந்த இடத்துக்குப் போனது. பெற்றிசியா வாசலில் நின்று அதைக் கண்டுவிட்டாள்.

"புதைக்காதேங்கோ," என்றாள். "இனி ஒண்டையும் புதைக்காதேங்கோ."

யாகப்பர் மண்வெட்டியை எடுத்துக் கூரைக்குள் செருகிவிட்டு, மூடி போட்ட வாளி ஒன்றைத் தேடப் போனார்.